டிரான்ஸ் மிக்சிங்: பீட் விலகும்போதும் கீ மோதும்போதும் அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

டிஜே கலக்கும் இரண்டு டிராக்குகள் (இசைப் பதிவுகள்) ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும்போது ஏதோ பிசகுகிறது என்பதைக் காது உடனே உணர்ந்துவிடுகிறது; பிசகு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசையில் இந்தச் சிக்கல் கூடுதலாகத் தெரிவதற்குக் கலவையின் நீளமே காரணம். 138 பிபிஎம் (நிமிடத்துக்கு 138 பீட்) வேகத்தில் ஒரு பீட்டுக்கு 435 மில்லிநொடி, நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்கு 1.74 நொடி, 32 பார் கொண்ட ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 56 நொடி ஆகிறது. வேறு சில நடன இசைகளில் எட்டுப் பாரில் முடித்துவிடக்கூடிய மாற்றத்தை இங்கே ஒரு நிமிடமும் அதற்கு மேலும் நீட்டுகிறோம். அந்த நேரம் முழுவதும் இரண்டு கிக் (பீட்டைத் தரும் முரசொலி), இரண்டு பேஸ் (அடிச்சுர ஒலி), இரண்டு பேட் (நீண்டொலிக்கும் பின்னணி ஒலி), சில வேளைகளில் இரண்டு மெலடி ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்க வேண்டியிருக்கிறது.

கலவை கெட்டவுடன் கீ (டிராக்கின் ஆதாரச் சுரமும் சுரவரிசையும்) பொருந்தவில்லை என்று முடிவுகட்டிவிடுவது பலருடைய பழக்கம். காலத்தில் நேர்ந்த பிழையும், அமைப்பில் நேர்ந்த பிழையும், சுருதியில் நேர்ந்த பிழையும் காதுக்கு ஒரேபோன்ற கலங்கலாகவே கேட்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. ஆகவே எதையும் திருத்தப் புகுமுன் இம்மூன்றில் எது என்று பிரித்தறிய வேண்டும். திரையில் உள்ள எண்ணை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரித்தறியும் சோதனை

இரண்டு சேனல்களிலும் கீழ், நடு அதிர்வெண்களை ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) முழுமையாகக் குறைத்து, மேல் அதிர்வெண்களை மட்டும் விட்டுவைத்துக் கேளுங்கள். ஹை-ஹேட்டுகள் இரட்டித்துக் கேட்டால், அல்லது ஒற்றையாகத் தொடங்கிச் சில நொடிகளில் பிளந்தால், பிழை காலத்தில் இருக்கிறது. கீயைப் பற்றி அப்போது யோசிப்பதே வீண். ஹை-ஹேட்டுகள் இறுக்கமாக ஒன்றியிருந்தால் நடுப்பகுதியை மீட்டுக்கொண்டு, கீழ்ப்பகுதியை ஒரே ஒரு டெக்கில் (டிராக்கை ஓட்டும் கருவியில்) மட்டும் திறந்துவிடுங்கள். கலங்கல் மறைந்துவிட்டால் இரண்டு பேஸ்கள் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டிருந்தன என்று பொருள். அப்போதும் கலங்கல் நீடித்தால், அது எப்போது வருகிறது என்று பார்களை எண்ணிப் பாருங்கள். நான்கு பாருக்கு ஒருமுறையோ எட்டுப் பாருக்கு ஒருமுறையோ வந்து போகும் உரசல் கார்டுகளின் (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளின்) வரிசையில் உள்ள பிழை. தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் ஒலிக்கும் புளிப்பு கீயின் பிழை, அல்லது டியூனிங்கின் பிழை. ஹெட்போனில் இரண்டு சேனல்களையும் கியூ செய்துகொண்டால், அதாவது உங்களுக்கு மட்டும் கேட்கவைத்தால், வெளியே கேட்கும் ஒலியைத் தொடாமலே இந்தச் சோதனையின் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

தொடக்கத்தில் ஒன்றி, அரை நிமிடத்தில் நழுவிச் செல்கிறது

இரண்டு டெக்கிலும் 138.0 என்று திரை காட்டும். ஆனால் ஒன்று 138.02, மற்றொன்று 137.97 ஆக இருக்கலாம். 0.05 பிபிஎம் வேறுபாடு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 22 மில்லிநொடி விலகலாகிவிடுகிறது, அந்த அளவில் இரண்டு கிக்குகளின் முனைகள் தனித்தனியே தெரியத் தொடங்கிவிடும். வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரின் நுண்மைக்கும் இதில் பங்கு உண்டு. ஃபேடரின் ஒரு படி 0.02 விழுக்காடு என்றால் நிமிடத்துக்கு 12 மில்லிநொடி, 0.05 விழுக்காடு என்றால் 30 மில்லிநொடி. ஃபேடரின் வீச்சைக் கூட்டினால் படியும் பெரிதாகிவிடும் கருவிகள் உண்டு என்பதால், 16 விழுக்காடு வீச்சில் வைத்துக்கொண்டு கையால் பீட் சேர்க்க முயல்வது தனக்குத்தானே குழி பறிப்பதுதான். 6 விழுக்காடு வீச்சே டிரான்ஸுக்குப் பெரும்பாலும் போதும்.

திருத்தும் முறை பழையதுதான் என்றாலும் அதைப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உள்ளே வரும் டிராக்கின் ஜாக் வீலை (டெக்கின் சுழல்தட்டை) முன்னோக்கி மெல்லத் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் ஒன்றினால் உள்ளே வரும் டிராக் பின்தங்கியிருந்தது. மேலும் பிளந்தால் அது முந்தியிருந்தது. தள்ளியவுடன் பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல் தோன்றும்; உண்மையில் அது இடத்தை மட்டுமே சரிசெய்கிறது, வேகத்தை அன்று. எந்தத் திசையில் தள்ளினீர்களோ அதே திசையில் ஃபேடரையும் ஓர் அணு நகர்த்த வேண்டும். பிறகு 32 பீட் காத்திருந்து கேட்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டுமுறை எதிரெதிர்த் திசைகளில் திருத்த நேர்ந்தால், சரியான வேகம் அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

வினைலிலிருந்து பதிவுசெய்யப்பட்ட பழைய டிராக்குகளுக்கு இந்த முறையும் முழுமையாக உதவாது, ஏனெனில் அவற்றில் வேகமே ஒரு நிலையில் நிற்பதில்லை. அவற்றுக்கு ஒற்றை எண்ணை அடிப்படையாகக் கொண்ட பீட்கிரிட்டுக்கு (பீட் விழும் இடங்களை மென்பொருள் குறிக்கும் கோடுகளுக்கு) பதிலாக, சில பார்களுக்கு ஒருமுறை நங்கூரம் வைத்து மாறும் கிரிட்டை அமைக்க வேண்டும். அல்லது கலவை முடியும்வரை ஜாக் வீலிலிருந்து கையை எடுக்காமல் இருக்க வேண்டும்.

திரையில் கிரிட் ஒன்றியிருக்கிறது, காதில் ஒன்றவில்லை

டெக்குகளைத் தானாக ஒன்றவைக்கும் சிங்க் பொத்தான் இரண்டு பீட்களை ஒன்றாக்குவதில்லை. இரண்டு கிரிட்களை ஒன்றாக்குகிறது. கிரிட் தவறினால் சிங்க்கும் அதே தவற்றைத் துல்லியமாகச் செய்துமுடிக்கும். விலகல் எவ்வளவு என்பதைக் கொண்டே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

மாறாத சிறு விலகல், குறிப்பாகச் சுமார் 26 மில்லிநொடி அளவிலானது, எம்பி3 கோப்புகளில்தான் வருகிறது. 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் ஓர் எம்பி3 சட்டகம் 1,152 மாதிரிகளைக் கொண்டது, அதாவது 26.1 மில்லிநொடி. கோப்பின் தொடக்கத்தில் உள்ள அந்தச் சட்டகத்தை ஒரு மென்பொருள் ஒலியாகக் கணக்கிட, இன்னொன்று தள்ளிவிட்டால், நூலகத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கிரிட்களும் கியூ புள்ளிகளும் (டிராக்கில் குறித்துவைத்த இடங்களும்) ஒரே அளவில் இடம்பெயர்ந்துவிடும். கிரிட்டை அந்த அளவுக்கு நகர்த்துவது, அல்லது புதிய மென்பொருளிலேயே மீண்டும் அலசுவது தீர்வாகும்.

சரியாக அரைப் பீட் விலகல், 138 பிபிஎம்மில் 217 மில்லிநொடி, டிரான்ஸுக்கே உரிய வியாதி. கிக்குக்கு இடைப்பட்ட இடத்தில் பேஸும் திறந்த ஹை-ஹேட்டும் ஓங்கி ஒலிப்பதால், அலசும் மென்பொருள் அதையே பீட் என்று எடுத்துக்கொள்கிறது. கிக் இல்லாமல் தொடங்கும் டிராக்குகளில் இது அதிகம். கிரிட்டின் முதல் கோட்டைக் கிக்கின் முனையில் கையால் வைத்துவிட்டால் போதும்.

138 என்பது 69 ஆகவோ 92 ஆகவோ பதிவாகியிருப்பதும் உண்டு. முன்னது பாதி, பின்னது மூன்றில் இரண்டு. மும்மையாக ஓடும் பேஸ் வரிசை உள்ள டிராக்குகளில் பின்னது நேர்கிறது. அலசுவதற்கான வேக எல்லையை 120 முதல் 150 வரை என்று குறுக்கிவிட்டு மறுபடி அலசினால் இது பெரும்பாலும் மறைந்துவிடும்.

இவற்றைவிட வஞ்சகமானது, பீட் சரியாக இருந்து பாரின் முதல் பீட் தவறியிருப்பது. கிக் எல்லாம் ஒன்றும். ஆனால் கைத்தட்டல் ஒலி ஒரு டிராக்கில் இரண்டாம் பீட்டிலும் மற்றதில் மூன்றாம் பீட்டிலும் விழும், சிம்பல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் வெடிக்கும், கலவை நொண்டும். கிரிட்டின் ஒன்றாம் எண்ணை ஒரு பீட்டோ இரண்டு பீட்டோ நகர்த்திச் சேமித்துவிடுங்கள்.

கிக் அவ்வப்போது எடையிழந்து ஒலிக்கிறது

பீட் ஒன்றியிருந்தும் கிக்கின் அடித்தளம் திடீரென்று மெலிந்து, சில நொடிகளில் திரும்பி வந்தால், இரண்டு கிக்குகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. இரண்டில் ஒன்று 10 மில்லிநொடி பின்தங்கினால் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்திக்கின்றன. கிளிக் ஒலியில் 10 மில்லிநொடி விலகலைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள். அடித்தளத்திலோ அது தெரிந்துவிடுகிறது. இதைக் காலத்தைத் திருத்திச் சரிசெய்ய முயல வேண்டாம். கீழ்ப்பகுதி எப்போதும் ஒரு டெக்குக்கு மட்டுமே உரியது என்று வைத்துக்கொண்டு, ஒரு பகுதியின் முதல் பீட்டில் ஒன்றைக் குறைத்து மற்றதை உயர்த்திக் கைமாற்றுங்கள்.

ஹெட்போனில் ஒன்றுகிறது, அரங்கில் விலகுகிறது

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. பெரிய ஒலிபெருக்கிகள் 10 மீட்டர் தொலைவில் இருந்தால் அவற்றின் ஒலி 29 மில்லிநொடி தாமதித்தே டிஜேவை வந்தடைகிறது. ஹெட்போனில் கேட்கும் புதிய டிராக்கை அந்தத் தாமதமான ஒலியோடு சேர்த்தால், இரண்டும் டிஜேவின் காதுக்கு மட்டும் ஒன்றியதாகத் தோன்றி, ஒலிபெருக்கிகளில் பிளந்து கேட்கும். பக்கத்தில் ஒரு மானிட்டர் ஒலிபெருக்கியை வைத்துக்கொள்வதும், அது இல்லாதபோது இரண்டு டிராக்குகளையும் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டுச் சேர்ப்பதும் வழி. புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் தாமதம் எளிதில் 100 மில்லிநொடியைத் தாண்டிவிடும்.

பிரேக் முடிந்து கிக் திரும்பும்போது இரண்டும் மோதுகின்றன

டிரான்ஸ் டிஜே அஞ்ச வேண்டிய கணம் இதுதான். பிரேக்கில் கிக் இல்லை; பேடும் மெலடியும் மட்டும் ஓடுகின்றன; காலத்தை அளந்துகாட்ட எதுவும் இல்லாததால் விலகல் சத்தமில்லாமல் வளர்கிறது. 0.05 விழுக்காடு வேறுபாடு 90 நொடிப் பிரேக்கில் 45 மில்லிநொடியாகிவிடுகிறது, கிக் திரும்பும்போது அது குதிரை ஓட்டம்போல் கேட்கும். நானும் இப்படி ஒருமுறை, பிரேக் முழுவதும் நிம்மதியாக அடுத்த டிராக்கைத் தேடிக்கொண்டிருந்துவிட்டு, டிராப் (பிரேக் முடிந்து கிக் திரும்பும் கணம்) விழுந்தபோது இரண்டு கையையும் ஜாக் வீலில் வைத்துத் தத்தளித்திருக்கிறேன். பிரேக் என்பது டிஜேவுக்கு ஓய்வுநேரம் அன்று என்பதை அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரேக்குக்குள் நுழைவதற்கு முன் கடைசி 32 பீட்டில் எந்தத் திருத்தமும் தேவைப்படாமல் ஓடியதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒருமுறையாவது தள்ள நேர்ந்திருந்தால் வேகம் இன்னும் சரியாகவில்லை. பிரேக்குக்குள் காதால் பின்தொடர விரும்பினால், பேடை விட்டுவிட்டு, தொடர்ந்து ஓடும் ஆர்ப்பெஜியோவையோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) எதிரொலி விழும், சட்டென்று அடங்கும் பிளக் ஒலியையோ பிடித்துக்கொள்ளுங்கள்; பதினாறாம் பங்குச் சுரங்கள் 138 பிபிஎம்மில் 109 மில்லிநொடிக்கு ஒன்று வருவதால் நல்ல அளவுகோலாக அமைகின்றன.

வேகம் துல்லியமாக இருந்தும் மோதினால், பிரேக்கின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். எட்டின் மடங்காகவே பார்கள் அமையும் என்ற நம்பிக்கையைச் சில டிராக்குகள் பொய்யாக்கும்: டிராப்புக்கு முன் ஒரு பார் மௌனம், அல்லது இரண்டு பார் நீட்டிப்பு, அரிதாகப் பிரேக்கில் மட்டும் வேகத்தைத் தளர்த்திப் பியானோ வாசிப்பு. இவற்றைக் கலவையின் நடுவில் கண்டுபிடிக்க முடியாது. டிராப்பின் முதல் பீட்டில் ஒரு கியூவும், அதற்கு 32 பார் முன்னே ஒரு கியூவும் வைத்துவிட்டால், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஒரே கீ எண், இருந்தும் உரசுகிறது

கீகளுக்கு எண் கொடுக்கும் கேமலாட் சக்கரத்தில் இரண்டு டிராக்கும் 8ஏ, அதாவது ஏ மைனர். ஏன் உரச வேண்டும்? டிரான்ஸில் மிகப் பரவலான ஒரு கார்டு வரிசையை எடுத்துக்கொள்வோம்: ஏ மைனர், எஃப், சி, ஜி. இரண்டு டிராக்கிலும் இதே வரிசை இருந்து, ஒன்று மற்றதைவிட ஒரு பார் தள்ளித் தொடங்கியிருந்தால், ஒன்று ஜி கார்டில் இருக்கும்போது மற்றது ஏ மைனருக்குப் போய்விடுகிறது. ஜியும் ஏயும், பியும் சியும், டியும் இயும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. மூன்று சுரங்களும் தத்தம் அடுத்த வீட்டுச் சுரத்தோடு சண்டையிடுகின்றன. வரிசையே வேறாக இருந்தால் இதைவிட மோசமாகவும் ஆகலாம். கீ என்பது எந்தச் சுரங்கள் புழங்கும் என்பதைச் சொல்கிறதே அன்றி, எந்தச் சுரம் எப்போது ஒலிக்கும் என்பதைச் சொல்வதில்லை.

முதலில் பகுதிகளின் தொடக்கத்தை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். எட்டுப் பாரின் முதல் பார் மற்றதன் முதல் பாரோடு சேர்ந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வரிசை வேறு வேறு என்றால், வெளியேறும் டிராக்கில் ஏ மைனர் ஒலிக்கும் ஒரே ஒரு பாரை லூப்பாக்கி (திரும்பத் திரும்ப ஓடவிட்டு), பேஸை அடக்கி, சுருதிப் பெட்டிபோல் நிலையாக நிற்கவிடுங்கள். உள்ளே வரும் டிராக்கின் கார்டுகள் அதன்மேல் தடையின்றி நகரும். இதுவும் வேண்டாம் என்றால் இரண்டு பேடுகளை ஒருபோதும் ஒன்றாக ஓடவிடாமல், ஒன்றின் பேடையும் மற்றதன் தாளக் கருவிகளையும் மட்டும் சேர்ப்பதே எளிய வழி.

அடுத்த எண்ணுக்குச் செல்லும்போது, எடுத்துக்காட்டாக 8ஏவிலிருந்து 9ஏவுக்கு, இ மைனரில் எஃப் இல்லை, அதனிடத்தில் எஃப் ஷார்ப் இருக்கிறது. மீதி ஆறு சுரங்களும் பொது. எனவே உரசல் வந்தால் அது இந்த ஒரு சுரத்தில்தான் வரும்: வெளியேறும் டிராக் எஃப் கார்டுக்கு வரும்போது உள்ளே வருவது டி மேஜர் கார்டில் இருக்கக்கூடாது. 7ஏ பக்கம் சென்றால் பியும் பி ஃபிளாட்டும் இதேபோல் எதிர்ப்படும். பொருந்தும் கீ என்று சக்கரம் சொல்வதை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் மோதக்கூடிய கீ என்று படித்துக்கொள்வது பாதுகாப்பானது.

எண் சரியாகத் தெரிகிறது, காது ஏற்கவில்லை

எண்ணே தவறாக இருக்கலாம். எந்தெந்தச் சுரம் எவ்வளவு ஒலிக்கிறது என்று கணக்கெடுத்து, மேஜர், மைனர் அமைப்புகளோடு ஒப்பிட்டே மென்பொருள்கள் பொதுவாகக் கீயைக் கணிக்கின்றன. மேலே சொன்ன நான்கு கார்டுகளில் சி மூன்று கார்டுகளில் வருகிறது, ஏ இரண்டில்தான் வருகிறது. ஆகவே ஏ மைனர் டிராக்கை சி மேஜர், அதாவது 8பி என்று அது முடிவுசெய்வதில் வியப்பில்லை. நல்லவேளையாக இந்தத் தவறு பெரிதாகத் தீங்கு செய்வதில்லை, இரண்டுக்கும் சுரங்கள் ஒன்றே. சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக்கினால் நடபைரவி பிறக்கும் கிரகபேதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகவும் இராது. ஐந்தாம் சுரத்தைத் தவறாக ஆதாரமாக்கிக்கொள்வது, டிரான்ஸின் ஒரு கிளையான சைட்ரான்ஸில் வரும் ஃபிரிஜியன் சுரவரிசையை, நம் தோடியின் சுரங்களை, வேறொரு மைனராகப் படிப்பது, தாளம் மட்டும் ஓடும் நீண்ட முகப்பைக் கேட்டுக் குழம்புவது ஆகியவைதான் வலிக்கும்.

சோதிப்பதற்கு எந்த விசைப்பலகையும் போதும். டிராப்பில் பேஸ் எந்தச் சுரத்தில் வந்து இளைப்பாறுகிறதோ அதைக் கண்டுபிடித்து, அந்த ஒரு சுரத்தை எட்டுப் பார் முழுவதும் அழுத்திப் பிடியுங்கள். டிராக் அதன்மீது அமைதியாக அமர்ந்தால் அதுவே ஆதாரம். பிறகு அதிலிருந்து மூன்று அரைச்சுரம் மேலே உள்ளதையும் நான்கு அரைச்சுரம் மேலே உள்ளதையும் மாறிமாறி அழுத்தினால் மைனரா மேஜரா என்பது தெரிந்துவிடும். கடைசி டிராப்பில் கீ உயரும் டிராக்குகளும் உள்ளன. அவற்றுக்கு உள்ளே வரும் கீ, வெளியேறும் கீ என்று இரண்டு எண்களைக் குறித்துவைக்க வேண்டும்.

இரண்டு குறியீட்டு முறைகளைக் கலந்துவிடுவதும் நடக்கிறது. ஓபன் கீ முறையில் ஏ மைனர் 1எம் என்று குறிக்கப்படுகிறது. அதில் 8எம் என்பது பி ஃபிளாட் மைனர். அதை 8ஏ என்று எண்ணிச் சேர்த்தால் ஓர் அரைச்சுர இடைவெளியில், இருப்பதிலேயே மிகக் கொடிய மோதல் கிடைக்கும். கேமலாட் எண்ணிலிருந்து ஏழைக் கழித்தால் ஓபன் கீ எண் வரும். கழிக்க முடியாதபோது 12ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் பொருந்தியும் ஒரு புளிப்பு விடாமல் ஒலிக்கிறது

வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் காக்கும் கீ லாக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தை 1 விழுக்காடு கூட்டினால் சுருதி 17 சென்ட் உயர்கிறது. ஏறத்தாழ 6 விழுக்காட்டில் ஓர் அரைச்சுரம், அதாவது 100 சென்ட், முழுதாக ஏறிவிடுகிறது. சிறிது சிறிதாகத்தானே நகர்த்தினோம் என்ற எண்ணம் இங்கே ஏமாற்றும். 136இல் அமைந்த டிராக்கை ஏற்றியும் 140இல் அமைந்த டிராக்கை இறக்கியும் 138இல் சந்திக்கவைத்தால், இரண்டும் ஒன்றரை விழுக்காடே நகர்ந்திருக்கின்றன. ஆனால் ஒன்று 25 சென்ட் மேலேயும் மற்றது 25 சென்ட் கீழேயும் போய், இடையில் கால்சுரம் பிளந்துவிட்டது. எந்த வேகத்தில் சந்திக்கவைத்தாலும் இந்தப் பிளவு குறையாது, ஏனெனில் அது இரண்டு டிராக்குகளின் மூல வேகங்களுக்கு இடையிலான விகிதத்திலிருந்து வருகிறது. மூல வேகம் ஒன்றாக உள்ள இரண்டு டிராக்குகளையோ எவ்வளவு உயர்த்தினாலும் உறவு கெடுவதில்லை. 1979இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிளில் 8 விழுக்காடு ஃபேடர் இருந்தது, கீ லாக் இல்லை. அதில் பழகியவர்கள் பெட்டியில் தட்டுகளை மூல வேகப்படி அடுக்கிவைத்ததற்கு இது ஒரு நல்ல காரணம்.

இந்தக் கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். 132இல் உள்ள 8ஏ டிராக்கைக் கீ லாக் இல்லாமல் 140க்கு உயர்த்தினால் 102 சென்ட் ஏறி, அது பி ஃபிளாட் மைனராகிவிடுகிறது. 140இல் உள்ள 3ஏ டிராக்கோடு அது இணங்கும், 8ஏயோடு இணங்காது. ஓர் அரைச்சுரம் ஏறினால் சக்கரத்தில் ஏழு எண் முன்னே செல்ல வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீ லாக் இயங்கியும் புளிப்பு இருந்தால், டிராக்கே பொதுச் சுருதியில் இல்லை. 2 விழுக்காடு வேகமாகச் சுழன்ற வினைலிலிருந்து எடுத்த பதிவு 34 சென்ட் மேலே இருக்கும். மென்பொருள் அதை அருகிலுள்ள கீக்கு இழுத்து எண் கொடுத்துவிடும். ஒரு டியூனர் செயலியில் நீண்ட பேஸ் சுரத்தைக் காட்டினால் விலகல் தெரியும். அந்த டிராக்கில் மட்டும் கீ லாக்கை அணைத்து 2 விழுக்காடு குறைத்தால் வேகமும் சுருதியும் ஒருசேர மூலநிலைக்குத் திரும்பும். எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம் என்றால், 10 சென்ட் வரை ஒலிக்குத் தடிமன் சேர்ப்பதுபோலவே இருக்கும். 20 சென்ட்டைத் தாண்டினால் நீண்ட பேடுகள் அழத் தொடங்கும் என்பது என் காதின் கணிப்பு.

கீ லாக் போட்டதும் ஒலி நீரில் மூழ்கியதுபோல் ஆகிறது

வேகத்தை மாற்றிச் சுருதியை மாற்றாமல் வைக்க, கருவி ஒலியைச் சிறு துண்டுகளாக்கி நீட்டியோ குறுக்கியோ ஒட்டுகிறது. கிக்கின் கூர்முனை மழுங்குவதும், பல அலைகள் அடர்ந்த சூப்பர்சா ஒலி அலம்புவதும் அதன் விலை. 2 விழுக்காடு வரை இது பெரும்பாலும் தெரிவதில்லை, 5 விழுக்காட்டுக்கு மேல் மறைப்பது கடினம். அதோடு அரைச்சுர மாற்றமும் செய்யச் சொன்னால் ஒலி இரண்டுமுறை அடிபடுகிறது. 130இல் தொடங்கி 140இல் முடியும் தொகுப்பில் ஒரே தாவலாக ஏறாமல், ஒவ்வொரு டிராக்கும் தனியாக ஒலிக்கும்போது, தாளம் மட்டும் ஓடும் இடங்களில் அரை பிபிஎம் அளவில் ஏற்றிக்கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு கலவையிலும் இரண்டு டிராக்கும் தத்தம் மூல வேகத்துக்கு அருகிலேயே நிற்கும். கீ லாக்கைக் கலவையின் நடுவில் போடவோ அணைக்கவோ கூடாது, சுருதி அந்த நொடியிலேயே குதிக்கும்.

வேகம் தானாகவே திடீரென்று குதிக்கிறது

சிங்க்கில் முதன்மை டெக் எது என்பது மாறியிருக்கிறது, அல்லது ஃபேடரின் உண்மையான இடமும் மென்பொருள் நினைவில் வைத்திருக்கும் மதிப்பும் வேறுபட்டு, சிங்க்கை அணைத்தவுடன் ஃபேடர் சொல்வதே நடைமுறைக்கு வந்துவிட்டது. சிங்க்கை அணைக்குமுன் ஃபேடரைத் திரை காட்டும் மதிப்புக்குக் கொண்டுசென்று சந்திக்கவையுங்கள்.

கலவையின் நடுவில் பிழை வந்து, காரணம் தேட நேரமில்லாதபோது

முதலில் உள்ளே வரும் டிராக்கின் கீழ்ப்பகுதியை முழுவதும் மூடுங்கள், அடுத்து நடுப்பகுதியைப் பாதியாக்குங்கள். எஞ்சும் ஹை-ஹேட்டுகளைக் கேட்டு ஒருமுறை மட்டும் தள்ளித் திருத்துங்கள். ஒன்றினால் காலம் மீண்டுவிட்டது, தொடரலாம். ஒன்றியும் புளிப்பு இருந்தால், வெளியேறும் டிராக்கில் கார்டு இல்லாத, தாளம் மட்டும் உள்ள நான்கு பீட்டை லூப்பாக்கி, அடுத்த எட்டுப் பாரின் முதல் பீட்டில் இரண்டின் கீழ்ப்பகுதிகளையும் ஒரே அசைவில் கைமாற்றி, லூப்பை எதிரொலியில் கரைத்துவிடுங்கள். ஒன்றவே இல்லை என்றால் உள்ளே வரும் டிராக்கின் ஒலியை அடுத்த பாரின் தொடக்கத்தில் முழுதாக இறக்கிவிட்டு, ஹெட்போனில் அதன் முதல் கியூவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். வெளியேறும் டிராக்கில் இன்னும் 32 பார் மீதியிருந்தால் உங்கள் கையில் 56 நொடி இருக்கிறது.